எழுத்துரு மாற்றிக்கு எந்த பக் டிராக்கர்? வாட்ஸாப் குழுவை வைத்து இனிமேல் சமாளிக்க முடியாது

ஓலைச்சுவடி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சின்ன திறமூல நிரல் ஒன்றை நாங்கள் 4 பேர் 6 வருடமாகப் பார்த்துக்கொள்கிறோம். நிரல் கிட்ஹப்பில் (நிரல்களை வைத்துப் பகிரும் தளம்) இருக்கிறது. பிழைகள் வந்து சேர்வதோ வாட்ஸாப் குழுவில். கொஞ்சம் மின்னஞ்சலில். ஒரு கூகுள் ஷீட்டும் உண்டு, அதை 2 பேர்தான் நிரப்புவார்கள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம்தான் இதில் எவ்வளவு இழந்திருக்கிறோம் என்று புரிந்தது.

பாமினியில் ளகரத்துக்கும் ஔகாரக் குறியின் பின்பகுதிக்கும் ஒரே விசை. அதனால் ‘மௌனம்’ என்று அடித்ததையும் ‘வெளியீடு’ என்று அடித்ததையும் நிரலால் சட்டென்று பிரித்துப் பார்க்க முடியாது. முதல் வருடம் ஒருவர், ‘வெளியீடு’ என்பது ‘வௌியீடு’ என்று வருகிறது என்றார். ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது எழுத்து, இல்லாவிட்டால் ஔகாரம் என்று ஒரு விதி எழுதினோம். சரியாகிவிட்டது. அப்புறம் சிறுகதை அடிப்பவர் ஒருவர், உரையாடலில் வரும் ‘கெளம்பு’ எல்லாம் ‘கௌம்பு’ ஆகிறது என்றார். எங்களில் ஒருவர் ஔகார விதியையே எடுத்துவிட்டார். அடுத்த வருடம் ‘மௌனம்’, ‘பௌர்ணமி’ எல்லாம் ளகரத்தோடு வருகின்றன என்று இன்னொருவர் சொல்ல, வேறொருவர் விதியைத் திரும்பச் சேர்த்தார். போன மாதம் மறுபடியும் ‘கெளம்பு’.

அந்த விதியை எடுக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் எதற்கும் பார்ப்போம் என்று கமிட் வரலாற்றை (நிரலில் செய்த மாற்றங்களின் பதிவு) புரட்டினேன். ஒரே இடத்தை 3 தடவை மாற்றியிருக்கிறோம், நான் செய்யப்போவது 4வது. எல்லாக் கமிட்டிலும் ‘ஔகாரப் பிழை திருத்தம்’ என்று ஒரே வரி. யார் கேட்டார்கள், எந்தச் சொல் உடைந்தது, ஏன் இந்த முடிவு, எதுவும் இல்லை. அந்த உரையாடல் இருந்த போனையும் நண்பர் மாற்றிவிட்டார்.

பிழைகளை, அதாவது பக்குகளை, எண் போட்டுப் பதிந்துவைக்கும் ஒழுங்கான டிராக்கர் ஒன்று வேண்டும். கிட்ஹப் இஷ்யூஸ், பக்ஜில்லா, மான்டிஸ், ரெட்மைன் என்று பார்த்துவைத்திருக்கிறேன். நாங்கள் 4 பேரும் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிறு காலைதான் இதற்குக் கிடைக்கும். பயனர்களில் பெரும்பாலானவர்கள் அச்சகம், பத்திரிகை, பள்ளிக்கூடம் சார்ந்தவர்கள். கிட்ஹப் என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

நள்ளிரவு_கமிட் எழுதியது:

நிரல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பக்கும் இருக்க வேண்டும். பைத்தான் மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 பிப்ரவரியில் நிரல் கிட்ஹப்புக்கு வந்துவிட்டது. பக்குகள் 2022 ஏப்ரல் வரைக்கும் ரவுண்டப் என்ற பழைய டிராக்கரில்தான் இருந்தன. 5 வருடம் ஒரு திருத்தம் ஓரிடத்தில், அதற்கான விவாதம் வேறோர் இடத்தில். இரண்டையும் இணைக்க பாட் (தானியங்கி நிரல்) எழுதி ஒப்பேற்றினார்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டமும் 2021 கடைசியில் பக்ஜில்லாவிலிருந்து கிட்ஹப்புக்கு வந்தது.

உங்கள் நிரல் ஏற்கனவே அங்கே இருக்கிறது. இஷ்யூஸ் பக்கத்தைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது. கமிட்டில் ‘ஃபிக்சஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு எண்ணைக் குறிப்பிட்டால் இஷ்யூ (பிழைப் பதிவு) தானாக மூடிக்கொள்ளும், 2 வருடம் கழித்து அந்த வரியைப் பார்ப்பவர் ஒரு சொடுக்கில் காரணத்துக்குப் போய்விடுவார். உங்கள் ஔகாரக் கதைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

---

கடலோடி எழுதியது:

ஓலைச்சுவடி ஐயா, பயனர்களுக்குக் கிட்ஹப் தெரியாது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதை நடுவில் வைத்து யோசியுங்கள்.

நான் டெபியன் லினக்ஸ் பக்கம் இருப்பவன். அங்கே பக் டிராக்கர் என்பதே மின்னஞ்சல்தான். 1990களில் இயன் ஜாக்சன் தொடங்கிய மென்பொருள், இன்றும் ஓடுகிறது. பக் எண் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கணக்குத் திறக்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். அஞ்சல் அனுப்பினால் எண் கிடைக்கும், அந்த எண்ணின் முகவரிக்கு எழுதினால் உரையாடல் தொடரும். எண்ணோடு ‘டன்’ சேர்த்த முகவரிக்கு எழுதினால் பக் மூடப்படும். வலைப்பக்கம் வெறுமனே படிப்பதற்குத்தான். 20 வருடத்துக்கு முந்தைய பக்கை இன்றும் அதே எண்ணில் திறந்து, அன்று யார் என்ன சொன்னார் என்று வாசிக்க முடிகிறது. குனூ திட்டத்தில் ஈமாக்ஸ் போன்றவையும் இதே மென்பொருளைத்தான் வைத்திருக்கின்றன.

குறையும் உண்டு. முகவரிகள் வெளியே தெரியும், குப்பை அஞ்சல் வரும். பக்கின் நிலையை மாற்றும் கட்டுப்பாட்டு அஞ்சல் எழுதப் புதியவர்களுக்குப் பழக நாளாகும். உங்களுக்கு இதையே நிறுவச் சொல்லவில்லை. கணக்கு இல்லாதவர் பக் சொல்ல ஒரு வாசல் வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். கிட்ஹப்பில் கணக்கு இல்லாமல் இஷ்யூ திறக்க முடியாது.

---

சர்வர்_அறை எழுதியது:

பக்ஜில்லா, மான்டிஸ், ரெட்மைன் எல்லாமே நல்ல மென்பொருள்கள். பக்ஜில்லா 1998இல் மோசில்லாவுக்காக டெரி வைஸ்மன் எழுதியது. கேடிஈ, லிப்ரேஆபீஸ், ஜென்டூ என்று இன்றும் பெரிய திட்டங்கள் அதில் ஓடுகின்றன. ஆனால் அந்தத் திட்டங்களில் சர்வரைப் பார்த்துக்கொள்ளவே ஆட்கள் இருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது 4 ஞாயிற்றுக்கிழமைகள்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு தன்னார்வக் குழுவுக்குச் சொந்த சர்வரில் டிராக்கர் வைத்துக் கொடுத்தேன். தினமும் இரவு டேட்டாபேஸ் பேக்கப் எடுக்கும்படி ஏற்பாடும் செய்தேன். ஒன்றரை வருடம் கழித்து வட்டு போனது. பேக்கப்பை ஏற்றினேன். எல்லா பக்கும் வந்தது, இணைப்புக் கோப்பு ஒன்றுகூட வரவில்லை. அவை டேட்டாபேஸில் இல்லை, தனி அடைவில் இருந்தன. நான் அந்த அடைவைப் பேக்கப்பில் சேர்க்கவே இல்லை. ‘இணைத்துள்ள கோப்பைப் பாருங்கள்’ என்று மட்டும் எழுதிய பக்குகள் நூற்றுக்கும் மேல். அவற்றை எழுதியவர்களிடம் திரும்பக் கேட்டு அஞ்சல் எழுதினேன். சிலர்தான் அனுப்பினார்கள். அந்தப் பட்டியலை இன்னும் வைத்திருக்கிறேன்.

பேக்கப் எடுப்பது பாதி வேலை. வெறும் கணினி ஒன்றில் அதை ஏற்றிப் பார்த்து, ஒரு பக்கைத் திறந்து, அதன் இணைப்பையும் திறந்து பார்த்தால்தான் மீதிப் பாதி. வருடத்துக்கு 2 தடவை அதைச் செய்ய ஆள் இல்லை என்றால் சொந்த சர்வர் வேண்டாம்.

அதே சமயம், வேறொருவர் இடத்தில் வைத்தால் கவலை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். கூகுள் கோட் ஞாபகம் இருக்கிறதா? 2015 மார்ச்சில் மூடப்போவதாக அறிவித்தார்கள், ஆகஸ்டில் படிக்க மட்டும் என்று ஆனது, 2016 ஜனவரியில் மூடியே விட்டார்கள். நிரலை எடுத்துக்கொண்டு போவது எளிது, கிட் குளோன் (முழு நகல்) எடுத்தால் முழு வரலாறும் வந்துவிடும். இஷ்யூக்கள் குளோனில் வராது. கிட்ஹப்பிலும் அப்படித்தான். அவற்றை ஏபிஐ (நிரல்கள் தளத்தோடு பேசும் வழி) மூலமாகத் தனியே இறக்க வேண்டும்.

---

வழுநீக்கி எழுதியது:

எல்லோரும் மென்பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். தினமும் காலையில் டிராக்கரைத் திறந்து, புதிதாக வந்ததைப் படிக்கப்போவது யார்? ஓலைச்சுவடி, அந்தப் பெயரைச் சொல்லுங்கள், டிராக்கரை அப்புறம் சொல்கிறேன்.

நான் லிப்ரேஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளின் தர உறுதிப் பக்கம் சில வருடங்கள் வேலை செய்திருக்கிறேன். நிரல் ஒரு வரி எழுதியதில்லை. அங்கே புதிதாக வரும் பக் ‘உறுதிசெய்யப்படாதது’ என்ற நிலையில் நிற்கும். வேறொருவர் தன் கணினியில் செய்து பார்த்து, ஆமாம், எனக்கும் வருகிறது என்றால்தான் ‘புதியது’ ஆகும். பதிந்தவரே அந்த நிலையை மாற்றிக்கொள்ளக்கூடாது. விவரம் போதாவிட்டால் ‘தகவல் தேவை’. பழைய பதிப்பில் சரியாக இருந்தது புதியதில் உடைந்திருந்தால், ஏற்கனவே கட்டிவைத்த பதிப்புகளை வரிசையாக ஓட்டிப் பார்த்து எந்த மாற்றத்தில் உடைந்தது என்று கண்டுபிடிப்போம். அதற்கு நிரல் தெரிய வேண்டியதில்லை, பொறுமை போதும். ஜாங்கோ என்ற வலை நிரலாக்கச் சட்டகத்திலும் இப்படித்தான். நிரல் கிட்ஹப்பில் இருந்தாலும் டிக்கெட்டுகள் இன்றும் டிராக் என்ற தனி டிராக்கரில். ஒவ்வொரு டிக்கெட்டும் ‘பார்க்கப்படாதது’, ‘ஏற்கப்பட்டது’ என்று நிலை நிலையாக நகரும், நகர்த்துவதில் பெரும்பகுதி சமூகத்து ஆட்கள். ஆகவே நள்ளிரவு_கமிட் சொல்வது மாதிரி ஒரே இடத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை.

அப்புறம் எண். லிப்ரேஆபீஸ் பக்குகள் முதலில் ஃப்ரீடெஸ்க்டாப்பின் பக்ஜில்லாவில் இருந்தன. 2015இல் லிப்ரேஆபீஸை நடத்தும் டாக்குமென்ட் பவுண்டேஷனின் சொந்த பக்ஜில்லாவுக்கு மாற்றியபோது எண்களை அப்படியே காப்பாற்றினார்கள். பழைய கமிட்டில் முன்னொட்டுதான் வேறு, எண் அதே எண். பைத்தானுக்கு அது முடியவில்லை, ஏனென்றால் கிட்ஹப்பில் இஷ்யூவுக்கும் புல் ரிக்வெஸ்டுக்கும் (திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் பதிவு) ஒரே வரிசை எண், அவை ஏற்கனவே செலவாகிவிட்டன. அதனால் பழைய தளத்தைப் படிக்க மட்டும் என்று வைத்து, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் புதிய இஷ்யூவுக்கு இணைப்புக் கொடுத்தார்கள்.

உங்கள் ஔகாரப் பிழைக்கு முதல் நாளே ஓர் எண் இருந்திருந்தால், விதியைத் திரும்பச் சேர்க்கும் முன்பே 2வதாகப் பிழை சொன்னவரின் ‘கெளம்பு’ கண்ணில் பட்டிருக்கும்.

---

நள்ளிரவு_கமிட் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன், பெரிய குழுவுக்குத் தனி டிராக்கர் நடக்கும். ஆனால் 4 பேருக்கு? பழைய இஷ்யூக்கள் குவிந்துவிடக்கூடாது என்று நான் என் திட்டங்களில் ஒரு பாட் வைத்திருக்கிறேன். 60 நாள் அசைவில்லாவிட்டால் தானாக மூடிவிடும். மனதுக்கு நிம்மதி.

---

வழுநீக்கி எழுதியது:

உங்கள் நிம்மதி புரிகிறது தம்பி. ஆனால் அந்த பாட்டை இவர்களுக்குச் சொல்லாதீர்கள்.

ஃபெடோரா லினக்ஸ் ஒரு பதிப்பை ஏறத்தாழ 13 மாதம் பராமரிக்கிறது. அது முடிந்ததும் அந்தப் பதிப்பின் பக்குகளை மூடுகிறார்கள். அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, அந்தப் பதிப்புக்கு இனித் திருத்தம் வராது. 60 நாள் யாரும் பேசவில்லை என்பது அப்படி ஒரு காரணமே இல்லை. பதிந்தவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். பேசாமல் இருந்தது நாம். அவருக்கு வருவது, உங்கள் பக் மூடப்பட்டது என்று ஓர் இயந்திர அஞ்சல். அடுத்த தடவை அவர் எழுத மாட்டார்.

‘இதைச் செய்ய மாட்டோம், காரணம் இது’ என்று ஒரு மனிதர் 2 வரி எழுதி மூடினால் யாரும் கோபிப்பதில்லை. நான் அப்படி நூற்றுக்கணக்கில் மூடியிருக்கிறேன். நன்றி சொல்லிப் போனவர்கள்தான் அதிகம்.

---

நள்ளிரவு_கமிட் எழுதியது:

சரி, யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஒன்று மட்டும் சொல்கிறேன்: பராமரிப்பவர் பக்கமும் பாருங்கள். 2016 ஜனவரியில் பல திட்டங்களின் பராமரிப்பாளர்கள் சேர்ந்து கிட்ஹப்புக்குத் திறந்த மடல் எழுதினார்கள். ‘எனக்கும்தான்’ என்று ஒற்றை வரி மறுமொழிகள் குவிவதும், விவரமே இல்லாத இஷ்யூக்கள் வருவதும் பெரிய தொல்லை என்று. அதன் பிறகுதான் இஷ்யூ வார்ப்புருவும் கட்டைவிரல் குறியும் வந்தன. இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் போலிப் பாதுகாப்பு அறிக்கைகள் வேறு. கர்ல் (தரவுப் பரிமாற்ற நிரல்) திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க் 2024லிருந்தே இதைப் பற்றி எழுதிவருகிறார். உண்மை போலவே இருக்கும், படித்துச் சோதித்து முடித்த பிறகுதான் ஒன்றுமில்லை என்று தெரியும். ஒரு ஞாயிறு போய்விடும்.

---

அச்சுக்கோப்பு எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்புச் செய்கிறேன். உங்கள் மாற்றியை 3 வருடமாகப் பாவிக்கிறேன். போன மாதம் ‘கெளம்பு’ பிழையைக் குழுவில் போட்டது நான்தான், ஓலைச்சுவடி அண்ணா. மலையக எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்பு அது. அதில் எல்லாரும் ‘கெளம்பு’வார்கள்.

எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கணக்குத் திறப்பது எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாததுதான் பிரச்சினை. நான் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவேன். ‘மூல வரியை அனுப்புங்கள்’ என்று பதில் வரும். அது என்ன என்று எனக்கு ஒரு வருடமாகப் புரியவில்லை. நான் பார்க்கும் திரையில் தமிழ் ஒழுங்காகத்தானே இருக்கிறது? பிறகு ஒரு நாள் அந்த வரியைக் கொப்பி செய்து வட்ஸ்அப்பில் ஒட்டியபோது ஆங்கில எழுத்துகளாக வந்தது. அந்த ஆங்கிலக் குவியல்தான் உங்களுக்கு வேண்டியது என்று அன்றுதான் விளங்கியது. அதை முதலே படம் போட்டுக் காட்டியிருந்தால் எத்தனையோ தடவை சரியாக அனுப்பியிருப்பேன்.

இன்னொன்று. கோப்பை முழுதாக அனுப்பச் சொல்கிறீர்கள். அது வாடிக்கையாளரின் கோப்பு. மரண அறிவித்தலில் வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம், பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் இருக்கும். அதை எல்லாரும் பார்க்கும் இடத்தில் போட எனக்கு மனம் வராது. அதனாலேயே பல பிழைகளைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

---

சர்வர்_அறை எழுதியது:

இந்த இழையிலேயே முக்கியமான பதிவு இது. நன்றி அம்மா.

ஓலைச்சுவடி, இதற்குக் கிட்ஹப் மாதிரியான இன்னொரு தளமான கிட்லேபில் ஒரு வசதி உண்டு, இலவசத் திட்டத்திலேயே. சர்வீஸ் டெஸ்க் என்று பெயர். ஒரு முகவரிக்கு யார் அஞ்சல் அனுப்பினாலும் அது டிக்கெட் ஆகிவிடும், அனுப்புபவருக்குக் கணக்கு வேண்டாம். இயல்பாகவே அது உறுப்பினர்களுக்கு மட்டும் தெரியும். கடலோடி கேட்ட வாசலும் இருக்கிறது, அச்சுக்கோப்பு கேட்ட மறைவும் இருக்கிறது.

மறைவு என்றதும் ஒரு எச்சரிக்கை. மோசில்லாவின் பக்ஜில்லாவில் ஒருவர் புகுந்து, வெளியே தெரியாத 185 பக்குகளைப் பார்த்துவிட்டது 2015இல் வெளிவந்தது. மென்பொருளில் ஓட்டை இல்லை. அணுகல் உரிமை உள்ள ஒருவர் வேறு தளத்தில் வைத்திருந்த கடவுச்சொல்லையே இங்கேயும் வைத்திருந்தார். அதன் பிறகுதான் உரிமை உள்ள எல்லோருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினார்கள். நீங்கள் 4 பேரும் முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள்.

---

ஓலைச்சுவடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று நாங்கள் 4 பேரும் 2 மணி நேரம் பேசினோம். முதலில் வழுநீக்கியின் கேள்விக்குப் பதில்: மாதத்தின் ஒவ்வொரு வாரமும் ஒருவர் முறை. முதல் வாரம் நான். 5வது ஞாயிறு வந்தால் விடுமுறை.

டிராக்கர் கிட்ஹப் இஷ்யூஸ்தான். சர்வீஸ் டெஸ்க் மனதைக் கவர்ந்தது, புதிதாகத் தொடங்கினால் அதைத்தான் எடுத்திருப்போம். ஆனால் எங்களில் 3 பேர் தினமும் திறப்பது கிட்ஹப்பை. யாரும் திறக்காத நல்ல டிராக்கரைவிடத் தினமும் திறக்கிற சாதாரண டிராக்கர் மேல் என்று முடிவு செய்தோம். வாசலுக்குப் பொது மின்னஞ்சல் ஒன்று. வாட்ஸாப் குழுவும் இருக்கட்டும். அங்கே வருவதை முறைக்காரர் இஷ்யூவாகப் பதிந்து, எண்ணைக் குழுவிலேயே சொல்வார். எண் கொடுக்காமல் எந்தப் பிழையையும் திருத்தக்கூடாது என்பது ஒன்றுதான் கறாரான விதி.

படிவம் முழுக்கத் தமிழில். 4 பெட்டிகள்: எந்த எழுத்துரு, கொப்பி செய்து ஒட்டிய மூல வரி, மாற்றியபின் வந்த வரி, வர வேண்டிய வரி. முதல் பெட்டிக்கு மேலே அச்சுக்கோப்பு சொன்ன படம். கோப்பு அனுப்பச் சொல்லி எங்கேயும் கேட்கவில்லை, உடைந்த ஒரு வரி போதும். பெயரும் தொலைபேசி எண்ணும் அந்த வரியில் இருந்தால் முறைக்காரர் மாற்றிவிட்டுத்தான் பதிவார்.

இஷ்யூக்களை ஏபிஐ வழியாக இறக்கித் தனி ரெப்போவில் (நிரல் களஞ்சியம்) வாராவாரம் சேர்க்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதியாகிவிட்டது. இணைப்புகளையும் இறக்குகிறது, சர்வர்_அறை. தானாக மூடும் பாட் இல்லை.

ஒன்று செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது, தமிழில் டிராக்கர் வைக்கும் எல்லோருக்கும் பயன்படும். தேடலில் ‘மௌனம்’ என்று போட்டால், ளகரம் போட்டு ‘மெளனம்’ என்று எழுதிய இஷ்யூ கிடைக்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. நாங்கள் திருத்த வேண்டிய பிழையே எங்கள் தேடலையும் உடைக்கிறது. அதனால் தலைப்பில் இரண்டு வடிவத்தையும் எழுதுவது என்று வைத்திருக்கிறோம்.

எண் 1 ஔகாரம்தான். கமிட் வரலாற்றிலிருந்து 3 மாற்றங்களையும், நினைவில் இருக்கும் சொற்களையும் அதில் எழுதிவிட்டேன். விதியை இனித் தொடப்போவதில்லை. ளகரம் தனியாக நிற்கும் பேச்சு வழக்குச் சொற்களைப் பட்டியலாக வைத்து, அவற்றை மட்டும் ஔகாரமாக்காமல் விடப்போகிறோம். இப்போதைக்கு ‘கெளம்பு’, ‘கெளப்பு’, ‘வெளக்கு’ இருக்கின்றன. தெரிந்ததை எல்லாம் அனுப்புங்கள்.

---

வழுநீக்கி எழுதியது:

‘கெளறு’, ‘வெளங்கு’, ‘வெளக்குமாறு’. ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை வரியும் சேருங்கள். ‘மௌனம்’, ‘வெளியீடு’ இரண்டுக்கும் அதே கோப்பில் ஒவ்வொரு வரி.

---

அச்சுக்கோப்பு எழுதியது:

எங்கள் ஊரில் கிளம்புவதற்கு ‘வெளிக்கிடு’ என்போம், அது உங்கள் மாற்றியில் இப்போதே சரியாக வருகிறது அண்ணா. தொகுப்பில் தேடிப் பார்த்தேன்: ‘வெளயாட்டு’ 7 இடத்தில் வருகிறது, ‘வெளஞ்ச’ 2 இடத்தில். மூல வரிகளைக் கொப்பி செய்து எண் 1இல் ஒட்டியிருக்கிறேன். கணக்கும் திறந்துவிட்டேன்.